ஏரிக்கு இடம் விட்டுத் தண்டவாளம் போடுங்கள்

லெகோ கட்டைகளில் ரயில் ஓட்டத் திட்டம் போடும் சென்னைப் பெரியவர்களுக்கு,



பிள்ளைக்கு என்று சொல்லிப் பெட்டியை வாங்கி, பிள்ளை தூங்கியதும் தானே பிரித்து அடுக்குகிறவர்கள் நம்மில் பலர். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, பழைய அமெரிக்க நகரம் ஒன்றை ரயிலோடு சேர்த்துக் குட்டியாகக் கட்டியிருக்கிறார். புனேயில் ஜோஷி குடும்பத்தின் குட்டி ரயில் காட்சியகத்துக்கு 1998 முதல் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே ‘இந்த வயசில் பொம்மையா?’ என்று கேட்பவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்க விட்டுவிடலாம். நான் பேச வந்தது உங்களோடு.

நான் பார்த்த திட்டங்களில் எல்லாம் ஒரே படம்தான் இருக்கிறது. மேசை நிறைய ஒரு நீள்வட்டம், நடுவே சிவப்பு ஓட்டு வீடுகள், ஒரு மூலையில் பனிமலை, மலைக்கு ஒரு குகை. மூர்மார்க்கெட்டில் ஏறி மீஞ்சூரில் இறங்குகிற மனிதர் எதற்காக ஆல்ப்ஸில் ரயில் விட வேண்டும்? ஆல்ப்ஸைப் பார்த்தவர் கட்டினால் சரி. பெட்டியின் அட்டையைப் பார்த்துக் கட்டினால் அது அட்டைப்படத்தின் நகல், அவ்வளவுதான்.

நான் பழவேற்காட்டுக்காரன். உங்கள் அடுத்த லேஅவுட்டுக்கு எங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஊர்ப்பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். லெகோ தண்டவாளத்தின் அளவுகளுக்கு இவ்வளவு தோதான ரயில் பாதை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, சில வண்டிகள் சூலூர்ப்பேட்டை வரை. மேடு கிடையாது, குகை கிடையாது, கிட்டத்தட்ட நேர்கோடு.

முதலில் அளவுக் கணக்கு. லெகோவின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சுமார் 37.5 மில்லிமீட்டர் இடைவெளி. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 45-க்கு 1. இந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மேல்நாட்டு ரசிகர்கள் 38-க்கு 1 என்று கணக்குப் போடுவது அவர்களுடைய 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நம்மூர் ரயிலைக் கட்டினால் தண்டவாளத்துக்குப் பொருந்தாத பூதம் ஒன்று வரும்.

45-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக விழுகிறது. லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். நம் மின்சார ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர், அது 10 குமிழ். நீளம் 20 மீட்டருக்குச் சற்று மேல். அது 58 குமிழ் அளவுக்கு வரும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பின் பழைய எக்ஸ்பிரஸ் பெட்டி என்றால் அகலம் 9 குமிழ், நீளம் 59. கடையில் விற்கும் லெகோ ரயிலோ 6 குமிழ் அகலம்தான். அதை 45 மடங்கு பெருக்கிப் பாருங்கள், 2.2 மீட்டர்கூட வராது. காலை எட்டு மணி கும்மிடிப்பூண்டி வண்டியில் நின்று வந்தவர் யாரும் அந்த அகலத்தை ஏற்கமாட்டார்.

நடைமேடையின் உயரம் தண்டவாளத்திலிருந்து இரண்டு கட்டை. மேலே ஓடும் மின்கம்பி 13 கட்டை உயரத்தில். இரண்டு பாதைகளுக்கு நடுவே எவ்வளவு விடுவது என்று யோசிக்கவே வேண்டாம்; வண்டியைப் பாதை மாற்றிவிடும் லெகோவின் பாயிண்ட், பக்கத்துப் பாதையை 16 குமிழ் தள்ளித்தான் கொண்டுபோய் விடும். அதை 45-ஆல் பெருக்கினால் 5.76 மீட்டர். நம் ரயில்வே இப்போது புதிய இரட்டைப் பாதைக்கு விடும் 5.3 மீட்டருக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது. டென்மார்க்கில் பொம்மை செய்தவர்கள் பொன்னேரியை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் பொருந்துகிறது.

பொருந்தாத ஒன்று உண்டு, வளைவு. லெகோவின் சாதாரண வளைவுக்கு ஆரம் 40 குமிழ், அதாவது 32 சென்டிமீட்டர். பதினாறு துண்டு சேர்த்தால் ஒரு வட்டம். நிஜத்தில் அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். 45-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய 4 மீட்டர். உங்கள் வீட்டு ஹாலில் அதன் கால்வாசிகூடத் திரும்பாது. 58 குமிழ் நீளப் பெட்டியை 40 குமிழ் வளைவில் விட்டால் நடுவயிறு உள்பக்கமும் மூக்கு வெளிப்பக்கமும் பிதுங்கிக்கொண்டு போகும். பிரிக்டிராக்ஸ், எஃப்எக்ஸ் பிரிக்ஸ் போன்ற வெளி நிறுவனங்கள் 104, 120 குமிழ் ஆரத்தில் வளைவு செய்கின்றன. 104 போட்டால் பார்க்கச் சுமாராக இருக்கும், ஆனால் வட்டத்தின் அகலம் மட்டும் 1.73 மீட்டர் ஆகிவிடும். நடைமேடைக்கு 2 மீட்டர் நேர்ப்பாதையும் சேர்த்தால் மேசை 3.7 மீட்டர் நீளம். வாடகை வீட்டில் அந்த மேசையைப் போட்டால் கட்டிலை எடுத்து வெளியே போட வேண்டும்.

நான் சொல்வது வேறு. வட்டத்தையே விட்டுவிடுங்கள்.

புறநகர் மின்சார ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் நின்ற வண்டி அப்படியே திரும்பி வருகிறது. இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை கிடையாது. ஆக, ஒரே நேர்ப்பாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கே கொஞ்ச நேரம் நின்று திரும்ப இந்தக் கோடி. நீள்வட்டத்தில் ஒரு ரயில் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருவதைவிட இது நிஜத்துக்கு எவ்வளவோ நெருக்கம். சுவரோரமாக ஒரு பலகை போட இடம் இருந்தால் போதும். 2018-க்குப் பிறகு வந்த லெகோ ரயில்களில் மோட்டாரும் புளூடூத் பெட்டியும் பேட்டரியும் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன. தண்டவாளத்தில் பதித்த ஒரு வண்ணக் கட்டையைக் கண்டதும் நின்று, பத்து எண்ணிவிட்டுத் திரும்பும்படி அதற்கு நிறம் பார்க்கும் சென்சார் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும்.

பழைய ஆட்கள் 1991-இல் வந்த 9 வோல்ட் உலோகத் தண்டவாளத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். ரயில் உண்மையாகவே தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடியது, நல்ல சமாசாரம்தான். லெகோ அதை நிறுத்தியும் பல வருடம் ஆகிவிட்டது, வெளி நிறுவனங்களிடம் புதிதாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு இருந்தால் வேண்டாம் என்பேன். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே சும்மா விடுவதில்லை. எண்ணூரில் இருப்பவர்களுக்கும் இதே புத்திமதி.

இப்போது பலகையின் திட்டத்துக்கு வருகிறேன். 32-க்கு 32 குமிழ் உள்ள அடித்தட்டு ஒன்று 25.6 சென்டிமீட்டர். நீளவாக்கில் பன்னிரண்டு வைத்தால் 3 மீட்டர் சொச்சம். ஆழத்துக்கு மூன்று வரிசை, ஏறக்குறைய 77 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் பின்னால் தடம் புரண்ட வண்டியைக் கை எட்டி எடுக்க முடியாது. பின்வரிசையின் 32 குமிழில் இரண்டு பாதை 24 குமிழைத் தின்றுவிடும், மிச்சம் 8-இல் நடைமேடை. பெட்டிகள் நான்கு போதும், 1.85 மீட்டர் ஆகிவிடுகிறது. பன்னிரண்டு பெட்டி வண்டியை அப்படியே கட்டினால் ஐந்தரை மீட்டர், ஆசையை அடக்குங்கள். நான்கில் ஒன்றின் ஒரு பகுதியை வெண்டர் பெட்டியாகக் கட்டுங்கள். மீன்கூடையும் காய்கறி மூட்டையும் ஏறுகிற அந்த இடம் இல்லாமல் இந்தப் பாதை இல்லை.

பாயிண்ட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் ஒரு லூப் லைனுக்கு இரண்டு. அழகுக்காகக் கண்ட இடத்தில் பாயிண்ட் வைப்பது ஒரு வியாதி. 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டிய மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அந்தப் பாதையைக் கட்டுகிறவர் பாயிண்ட்டையும் சிக்னலையும் அலங்காரமாக நினைக்கக் கூடாது. லூப் பக்கம் பாயிண்ட் திரும்பியிருக்கும்போது மெயின் லைன் சிக்னல் பச்சை காட்டாதபடி இரண்டையும் பிணைத்துவிடுங்கள். ஒரு சின்ன நெம்புகோல் போதும்.

முன்னால் இருக்கும் இரண்டு வரிசை ஏரிக்கு.

இங்கேதான் திட்டம் போடுகிறவர்கள் பொய் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். ஏரிக்கரையில் ஒரு ஸ்டேஷன், பெயர்ப்பலகையில் பழவேற்காடு, தண்ணீரில் நிழல் விழ ஒரு ரயில்... படம் நன்றாக இருக்கும். ஆனால் பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து வர வேண்டும். இடையே இருக்கும் தூரத்தை 45-ஆல் வகுத்தால்கூட 400 மீட்டர் வந்து நிற்கும், அதற்கு ஒரு தெருவே வேண்டும். சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கலாம், இல்லாததைக் கட்டக் கூடாது.

ரயில் ஏரிக்கு வராது, ஆறு வரும். ஆரணியாறு மேற்கேயிருந்து வந்து, பொன்னேரிப் பக்கம் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கிழக்கே ஓடி பழவேற்காடு ஏரியில்தான் விழுகிறது. உங்கள் பலகைக்கு இதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது. பின்வரிசையில் ஒரு தாழ்ந்த பாலம், அதன் அடியிலிருந்து நடுவரிசை வழியாக வளைந்து வரும் ஆறு, முன்வரிசையில் விரியும் ஏரி. பார்க்கிறவர் கண் ரயிலிலிருந்து தண்ணீர் வழியாகத் தானே இறங்கி வரும். கரையோரம் ஒரு தார் ரோடும் ஒரு பஸ்ஸும் வையுங்கள், கணக்கு நேராகிவிடும்.

ஏரியின் ஆழத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி என்று பேர். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஆனால் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். லெகோவின் மெல்லிய பிளேட்டுகளில் ஏழு. ஆகவே அடித்தட்டுக்கு மேல் ஏழு பிளேட் உயரத்தில் கரையைத் தூக்கினால் ஏரி அளவோடு வந்துவிடும். நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் நிற்கட்டும், அதுதான் எங்கள் ஏரி. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை நீங்கள் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

நீலக் கட்டையை மட்டும் தொடாதீர்கள். இந்தத் தண்ணீர் ஒரு நாளும் அந்த நீலத்தில் இருந்ததில்லை. சேற்றுப் பழுப்பு, மங்கிய பச்சை, ஆழமான இடத்தில் கொஞ்சம் சாம்பல் என்று அடியில் கலந்து போட்டு, மேலே நிறமில்லாத கண்ணாடிக் கட்டை பரப்பினால் சரியாக வரும். செலவு அதிகம் என்பது தெரியும். 24 அடித்தட்டுகளில் பாதியை மட்டும் தண்ணீராக வைத்தாலும், 2-க்கு 4 கட்டையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆகும். வர்ணம் பூசிய பலகைமேல் அக்ரிலிக் தகடு போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. லெகோவைத் தவிர வேறெதையும் மேசையில் அனுமதிக்காத சுத்த சைவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஏரியைக் கண்டதையும் கொட்டி நிரப்புவது எங்களுக்குப் பழகிய துக்கம், பொம்மையிலாவது வேண்டாமே.

முகத்துவாரத்தைக் கழற்றி மாட்டும் துண்டாகச் செய்யுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கடலும் ஏரியும் சேரும் வாய் மணல் தூர்ந்து அடைவதும், திரும்ப வெட்டித் திறப்பதும் எங்கள் ஊரின் பெரிய கதை. அது அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகு கடலுக்குப் போகாது. ரயில் நேரத்தைவிட அந்த வாய் திறந்திருக்கிறதா என்பதைத்தான் குப்பத்தில் கேட்பார்கள். ஒரு நாள் மணல்திட்டைப் பொருத்தி வையுங்கள், மறுநாள் எடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏன் என்று கேட்கும்.

குப்பங்களுக்கு வருவோம். கண்ணாடியிழைப் படகு ஒன்பது மீட்டர் என்றால் 25 குமிழ். லெகோவின் வள்ளம் உதவாது. நீங்களே கட்ட வேண்டும். பனையும் சவுக்கும்கூட அப்படித்தான். வலைக்கு மெல்லிய துணியை மூங்கில் கழிபோல நட்ட பழுப்புக் குச்சிகளில் சுற்றிக் கட்டுங்கள். பூநாரை ஒன்று மூன்று கட்டை உயரம், வெளிர் ரோஜா நிறம், கூட்டமாக. குளிர்காலத்தைக் கட்டுவதாக இருந்தால் மட்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையை நிமிர்த்தி வைக்காதீர்கள், இன்று அது செடி மூடிய மேடு. டச்சுக் கல்லறையின் வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கின்றன. லெகோவில் எலும்புக்கூட்டு மனிதன் ஏற்கெனவே உண்டு, வாங்கி நிறுத்தினால் வேலை முடிந்தது. தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 44 மீட்டர். அளவுப்படி கட்டினால் ஒரு மீட்டருக்கு நெருக்கமாக வந்து ரயிலையே மறைக்கும். பின்சுவரின் மூலையில் விரல் உயரத்துக்கு ஒன்று போதும். ராக்கெட் ஏவும் நாளில் கடலில் படகு வைக்காதீர்கள், எங்களைப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

குழுவாகச் சேர்ந்து போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். யாருடைய ரயில் மெயின் லைனில் எவ்வளவு நேரம் ஓடுவது என்று கண்காட்சிகளில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இதற்கு ஒரு வழி வெகு காலமாக இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம், பிடிக்க உரிமை உள்ளவர்கள் நிறைய. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் உரிமை உள்ளவர்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் அப்படியே. உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் சண்டை வந்திருக்கிறது, குறை சொல்ல இடம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் முறையின் மூளை நல்ல மூளை. உங்கள் கூட்டத்திலும் மெயின் லைனுக்குச் சீட்டுப் போடுங்கள். பணக்கார உறுப்பினரின் நீளமான ரயில் நாள் முழுக்க ஓடுவது நிற்கும்.

கணினியில் வரைந்து பார்க்க புளூபிரிக், ஸ்டூடியோ இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் போடுங்கள், முழு அளவில். சுவிட்ச் போர்டு எங்கே, ஜன்னல் எங்கே என்று அப்போதுதான் தெரியும். வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், வெள்ளைக் கட்டை மஞ்சளாகிவிடும். இடம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் லூப் லைனை வெட்டுங்கள், ஏரியை வெட்டாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வாருங்கள். பொன்னேரியில் இறங்கி, ஸ்டேஷனை அளந்துகொண்டு, பஸ் ஏறுங்கள். அளவு நாடாவும் தொப்பியும் குடிதண்ணீரும் இருக்கட்டும். படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் நின்றே எல்லாவற்றையும் பார்க்கலாம். படகையோ வலையையோ அளப்பதானால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள், எதற்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். மீன் ஏலம் நடக்கும்போது மட்டும் குறுக்கே நிற்காதீர்கள்.

அன்புடன்,
பழவேற்காட்டிலிருந்து உங்களில் ஒருவன்